துல்லியம் என்றொரு பெயர்: பேஸ் கிட்டார் பிறந்த கதை

1951-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் என்ற ஊரிலிருந்து ஒரு புது வாத்தியம் சந்தைக்கு வந்தது. பலகை போன்ற கெட்டி உடல், நீண்ட கழுத்து, நான்கே நான்கு தடித்த தந்திகள். அதற்கு வைத்த பெயர் பிரிசிஷன் பேஸ். துல்லியமான பேஸ் என்று பொருள். தராசுக்கோ அளவுகோலுக்கோ பொருந்தும் பெயரை ஓர் இசைக்கருவிக்கு ஏன் வைத்தார்கள்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் பேஸ் கிட்டாரின் பிறப்பு ரகசியம் முழுவதும் கைக்கு வந்துவிடும்.

வீணையையும் கோட்டுவாத்தியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தவர்களுக்கு விடை பாதி தெரிந்திருக்கும். வீணையின் தண்டியில் 24 மெட்டுகள் உண்டு. மெட்டை ஒட்டி விரலை அழுத்தினால் ஸ்வரம் அதன் இடத்தில் வந்து நிற்கும். கோட்டுவாத்தியத்தில் மெட்டே கிடையாது. தந்தியின் மேல் வழுக்கிப் போகும் கட்டை எங்கே நிற்கிறதோ அங்கேதான் ஸ்வரம். மயிரிழை தப்பினாலும் அபஸ்வரம். மேற்கத்திய இசையில் கீழ்ஸ்தாயியைத் தாங்கிவந்த டபுள் பேஸ் இந்த இரண்டாவது வகை. வயலினைப் போலவே மெட்டில்லாத கருவி. அதைச் சுருதி சுத்தமாக வாசிக்க வருடக்கணக்கில் சாதகம் வேண்டும்.

ஃபுல்லர்டனில் செய்த புது வாத்தியத்தின் கழுத்தில் 20 மெட்டுகள் பதித்திருந்தார்கள். கிட்டாரில் அதை ஃபிரெட் என்பார்கள். விரலை வைத்தால் போதும், ஸ்வரம் துல்லியமாக விழும். பெயர் வந்தது அப்படித்தான்.

ஆளுயர வாத்தியத்தின் அவஸ்தை

டபுள் பேஸ் ஆறடி உயரத்துக்கு நிற்கும். உள்ளே வெறும் காற்று, வெளியே மெல்லிய பலகை. நடன அரங்குகளில் வாசித்துப் பிழைத்த குழுக்கள் ஊர் ஊராகக் காரில் போகும்போது அதை எங்கே வைப்பது என்பதே பெரும்பாடு. இவ்வளவு சிரமப்பட்டுக் கொண்டுபோய் நிறுத்தினாலும் அரங்கில் அது கேட்காது. டிரம்ஸ் ஒரு பக்கம், டிரம்பெட்டும் டிராம்போனும் இன்னொரு பக்கம். 1930-களில் கிட்டாரும் மின்சாரத்தின் துணையோடு குரலை உயர்த்திக்கொண்டது. எல்லாருக்கும் அடித்தளம் போடும் பேஸ் கலைஞர் மட்டும் விரல் கொப்புளிக்க இழுத்தும், பின்வரிசைக்கு ஒரு முனகல்தான் போய்ச் சேர்ந்தது.

இந்தக் குறையை ஃபுல்லர்டன்காரருக்கு முன்பே ஒருவர் உணர்ந்திருந்தார். சியாட்டில் நகரத்து இசைக்கலைஞரும் கருவி செய்பவருமான பால் டுட்மார்க், 1936 வாக்கில் ஆடியோவாக்ஸ் 736 என்ற பெயரில் ஒரு மின் பேஸைச் செய்தார். கெட்டி மரத்தாலான உடல், மெட்டுகள் பதித்த கழுத்து, கிட்டாரைப் போலக் கிடைமட்டமாகப் பிடித்து வாசிக்கும் வாகு. இன்றைய பேஸ் கிட்டாரின் அங்க லட்சணங்கள் எல்லாம் அதில் இருந்தன. ஆனாலும் அது பரவவில்லை. இன்று எஞ்சியிருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடிய சிலதான். காலத்துக்கு 15 ஆண்டுகள் முந்திப் பிறந்துவிட்ட பிள்ளை அது. முதல்வர் என்ற மரியாதை டுட்மார்க்குக்கே உரியது.

ரேடியோ பழுதுபார்த்தவர்

லியோ ஃபெண்டர் 1909-இல் பிறந்தவர். படித்தது கணக்குப்பதிவியல். சிறுவயதில் ஒரு கண்ணை இழந்தவர். 1938-இல் ஃபுல்லர்டனில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்தார். அந்தப் பக்கத்து இசைக்கலைஞர்கள் ஆம்ப்ளிஃபயர்களையும் மைக்குகளையும் தூக்கிக்கொண்டு அவரிடம் வந்தார்கள். எது உடைகிறது, எது இரைகிறது, எது கையை வலிக்கச் செய்கிறது என்று அவர்கள் சொன்னதை எல்லாம் காதுகொடுத்துக் கேட்டார். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. உலகத்தின் கிட்டார் ஓசையையே மாற்றிய மனிதருக்கு இப்படியொரு குறையா என்று முதலில் தோன்றும். யோசித்துப் பார்த்தால் அவருடைய பலமே அதுதான். தன் விரலின் பழக்கத்தை அவர் எந்தக் கருவியிலும் திணிக்கவில்லை. வாசிப்பவரின் கைக்கு எது இதம் என்பதை அவர்களிடமே கேட்டு, கேட்டதைச் செய்து, மறுபடி அவர்களிடம் கொடுத்துப் பார்த்தார்.

1950-இல் அவருடைய கெட்டி உடல் மின் கிட்டார் வெளிவந்தது. பின்னாளில் டெலிகாஸ்டர் என்று புகழ்பெற்றது அதுதான். அதே முறையில் பேஸ் செய்ய உட்கார்ந்தபோது முன்னால் வந்து நின்ற முதல் கேள்வி, தந்தியின் நீளம். டபுள் பேஸில் தந்தி சுமார் 42 அங்குலம். அவருடைய கிட்டாரில் இருபத்தைந்தரை. நீளம் கூடினால் கீழ்ஸ்தாயி தெளிவாக ஒலிக்கும், ஆனால் விரல்கள் அகல விரிய வேண்டும். குறைந்தால் கைக்குச் சுகம், ஆனால் தந்தி தொளதொளக்கும். லியோ 34 அங்குலத்தில் நின்றார். இன்றுவரை உலகத்தில் செய்யப்படும் பெரும்பாலான பேஸ் கிட்டார்களுக்கு அதுதான் அளவு.

நான்கு தந்திகளுக்கும் டபுள் பேஸின் சுருதியையே வைத்தார்: ஈ, ஏ, டி, ஜி. தடித்த ஈ தந்தி நொடிக்குச் சுமார் 41 முறை அதிரும். காதில் விழுவதற்கு முன்பே நெஞ்சுக்கூட்டில் விழும் ஓசை அது. சாதாரண ஆம்ப்ளிஃபயர் அதைத் தாங்காது என்பதால் 1952-இல் பேஸ்மேன் என்ற தனி ஆம்ப்ளிஃபயரையும் 15 அங்குல ஸ்பீக்கரோடு கொண்டுவந்தார்.

அந்த பேஸின் முதல் மாதிரியில் ஒரு சின்ன விஷயம் என்னை எப்போதும் கவர்வது. மெல்லிய தந்திக்குக் கீழே ஒரு கட்டை வைத்திருந்தார்கள். நான்கு விரல்களையும் அதில் கொக்கிபோல மாட்டிக்கொண்டு கட்டைவிரலால் மீட்ட வேண்டும் என்பது எண்ணம். வாசிப்பவர்களோ சிறிது சிறிதாகக் கட்டைவிரலை மேலே ஊன்றி, ஆள்காட்டி விரலாலும் நடுவிரலாலும் மாறி மாறி மீட்டத் தொடங்கினார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் கடந்து, 1970-களில் அந்தக் கட்டை மேல்பக்கத்துக்கு இடம் மாறியது. கைதான் கருவிக்குப் பாடம் சொன்னது.

ஜாஸ் மேதை லயனல் ஹாம்ப்டன் தம் குழுவில் இதைச் சேர்த்துக்கொண்டது புது வாத்தியத்துக்கு மேடையும் மரியாதையும் தந்தது. முதலில் ராய் ஜான்சன், அடுத்து 1953-இல் மங்க் மான்ட்கோமரி. டபுள் பேஸில் ஊறியவர்களின் கையில் அது போய்ச் சேர்ந்த பிறகுதான், இதுவும் ஒரு வாத்தியம்தான் என்று மற்றவர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

மூன்று பிள்ளைகள், மூன்று குரல்கள்

நண்பர் ஒருவரின் ஒத்திகை அறையில் ஒருநாள் மாலை மூன்று பேஸ்களை அடுத்தடுத்து வாசித்துப் பார்த்தேன். பிரிசிஷன், ஜாஸ் பேஸ், ஸ்டிங்ரே. ஒரே ஆம்ப்ளிஃபயர், ஒரே கேபிள், மீட்டியதும் ஒரே எட்டு ஸ்வர வரிசை. கேட்டதோ மூன்று வேறு மனிதர்களின் பேச்சு. மூன்றையும் உருவாக்கியதில் லியோ ஃபெண்டரின் கை இருக்கிறது. பிறகு இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

கயிறு தாண்டும் விளையாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். இருபுறமும் பிடித்துச் சுழற்றும் கயிறு நடுவில் அகலமாக வீசும். கைக்கு அருகில் இலேசாக நடுங்கும். மீட்டிய தந்தியும் அப்படித்தான். பேஸ் கிட்டாரின் உடலில் பதித்திருக்கும் பிக்கப் என்பது செம்புக் கம்பி சுற்றிய காந்தம். தந்தியின் எஃகு தனக்கு மேலே எப்படி அசைகிறது என்பதைத்தான் அது கேட்கிறது. நடுப்பகுதியை நோக்கி வைத்தால் அகன்ற, பருத்த ஆதார ஓசையைக் கேட்கும். தந்திகளைத் தாங்கும் குதிரைக்குப் பக்கத்தில் வைத்தால் மேலே மேலே எழும் நுண்ணதிர்வுகளைக் கேட்கும். ஓசை இறுகி, விளிம்பு கூர்மையாகும். பிக்கப்பை இரண்டு அங்குலம் நகர்த்தினால் குரலே மாறிவிடும்.

பிரிசிஷனில் பிக்கப் கழுத்துக்கும் குதிரைக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கிறது. 1957-இல் லியோ அதை இரண்டாகப் பிளந்தார். தடித்த இரண்டு தந்திகளுக்கு ஒரு சுருள், மெல்லிய இரண்டுக்கு ஒரு சுருள். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றப்பட்டதால் மின்சார இரைச்சல் தன்னைத்தானே அடித்துக்கொண்டு அடங்கியது. ஒவ்வொரு தந்திக்கும் இருபுறமும் ஒவ்வொரு காந்த முனை வந்ததால் தொடக்க அடியின் கரகரப்பும் தணிந்தது. கழுத்தின் மேல்முனை அகலம் ஒன்றே முக்கால் அங்குலம். உள்ளங்கை நிறையப் பிடிக்க வேண்டும். விரல் ஓட நினைத்தாலும் அந்த அகலம் ‘நிதானம்’ என்கிறது. அந்தக் கழுத்தைப் பிடித்தால் குறைவாக, அழுத்தமாக வாசிக்கத் தோன்றும். வரும் ஓசையும் அதற்கு ஏற்றதுதான். மிருதங்கத்தின் தொப்பியிலிருந்து எழும் ‘தோம்’ போல, மற்ற வாத்தியங்களுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

1960-இல் வந்த ஜாஸ் பேஸைக் கையில் எடுத்ததும் முதலில் தெரிவது கழுத்தின் மெலிவு. மேல்முனையில் சுமார் ஒன்றரை அங்குலம்தான். கால் அங்குல வேறுபாடு எழுத்தில் அற்பம். இடதுகைக்கு அது வேறு ஊர். தந்திகள் நெருங்கி நிற்பதால் விரல்கள் தாமாகவே ஓடும். உடலின் இடுப்பைச் சற்றே கோணலாக வெட்டியிருப்பதால் உட்கார்ந்து வாசிக்க மடியில் பாந்தமாக அமரும். பிக்கப் இரண்டு: ஒன்று கழுத்துப் பக்கம், ஒன்று குதிரைப் பக்கம். இரண்டுக்கும் தனித்தனி வால்யூம். கழுத்துப் பக்கத்தைக் கூட்டினால் பிரிசிஷனுக்கு உறவான கனம். குதிரைப் பக்கத்தைக் கூட்டினால் பல்லைக் கடித்துப் பேசுவது போன்ற உறுமல். இரண்டையும் முழுதாகத் திறந்தால் நடு ஓசை சற்றே ஒதுங்கி, அடியும் மேலும் பளிச்சென்று நிற்கும்.

மூன்றாவது பிள்ளை பிறந்தது வேறு வீட்டில். 1965-இல் லியோ தம் நிறுவனத்தை சிபிஎஸ்-க்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றிருந்தார். பிறகு பழைய நண்பர்களோடு சேர்ந்து வளர்த்த மியூசிக் மேன் நிறுவனத்திலிருந்து 1976-இல் ஸ்டிங்ரே வந்தது. ஒரே ஒரு பிக்கப், ஆனால் பெரியது, குதிரையை நோக்கித் தள்ளி வைத்தது. உடலுக்குள் பேட்டரியில் இயங்கும் சிறு மின்சுற்று. அடியோசையையும் மேலோசையையும் கருவியிலேயே கூட்டிக் குறைக்கலாம். இதை மீட்டும்போது கை தன்னையறியாமல் பலத்தைக் குறைத்துக்கொள்கிறது. இலேசாகத் தொட்டாலே ‘கணீர்’ என்று பதில் வந்துவிடும். விரலின் சிறு சறுக்கலையும் அது மறைக்காது. பிரிசிஷன் மன்னிக்கும், ஸ்டிங்ரே சாட்சி சொல்லும்.

கருவியைத் திரும்பவும் பிறப்பித்தவர்கள்

டெட்ராய்ட் நகரின் மோடவுன் இசைப்பதிவுக் கூடத்தில் ஜேம்ஸ் ஜேமர்சன் 1962 மாதிரி பிரிசிஷன் ஒன்றை வைத்திருந்தார். டபுள் பேஸிலிருந்து வந்தவர். அந்தப் பழக்கத்தால் வலதுகையின் ஆள்காட்டி விரல் ஒன்றையே பயன்படுத்தினார். ‘கொக்கி’ என்றே அந்த விரலுக்குப் பெயர் வந்தது. அவர் போட்டிருந்தது ஃபிளாட்வவுண்ட் என்னும் தட்டையான சுற்றுத் தந்தி. மேற்பரப்பு வழவழவென்று இருக்கும், மினுக்கு ஓசை குறைவு. அதையும் அவர் மாற்றவே மாட்டார். குதிரையை மூடிய உலோக மூடிக்குள் ஒரு நுரைப்பஞ்சு வேறு தந்தியைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஓசை எழுந்தவுடன் சுருக்கென்று அடங்கும். பழைய தந்தி, பஞ்சு, ஒற்றை விரல்: கேட்டால் எல்லாம் குறைகளின் பட்டியல். அந்தக் குறைகளை வைத்துக்கொண்டு அவர் வாசித்த வரிகள் பாடகரோடு உரையாடின, தாளத்தின் இடுக்குகளில் புகுந்து வெளிவந்தன. பேஸ் என்பது வெறும் அடித்தளம் என்ற எண்ணத்தை மாற்றியவர் அவர். 1983-இல் அவர் இறப்பதற்குச் சற்று முன்பு அந்த பேஸ் திருடுபோனது. இன்றுவரை கிடைக்கவில்லை.

கலிபோர்னியாவின் ஓக்லாந்து பக்கம் லாரி கிரஹாம் என்ற இளைஞர் தம் தாயாரோடு மேடைகளில் வாசித்துக்கொண்டிருந்தார். டிரம்ஸ்காரர் இல்லாமல் போன காலத்தில், பெரிய டிரம்முக்குப் பதிலாகக் கட்டைவிரலால் தந்தியை ஓங்கித் தட்டினார். சின்ன டிரம்முக்குப் பதிலாக இன்னொரு விரலால் தந்தியைச் சுண்டிவிட்டார். இல்லாமையிலிருந்து பிறந்த அந்த முறைதான் இன்று ஸ்லாப் என்று உலகம் முழுக்க வழங்குகிறது. இதற்கு வழவழத் தந்தி உதவாது. 1960-களில் ஆங்கிலேய நிறுவனமான ரோட்டோசவுண்ட், தி ஹூ குழுவின் ஜான் என்ட்விசிலோடு சேர்ந்து மெருகேற்றிய ரவுண்ட்வவுண்ட் தந்திகள் கைகொடுத்தன. உருண்டைக் கம்பியை அப்படியே சுற்றியவை. விரல் நுனியில் அரம்போல உரசும், ஓசை பியானோவின் தந்தியைப்போல மணியடிக்கும். ஒரே பேஸில் தந்தியை மட்டும் மாற்றிப் பாருங்கள். புது வாத்தியம் வாங்கியதுபோல இருக்கும்.

பிறகு வந்தார் ஜேக்கோ பாஸ்டோரியஸ். 1962 மாதிரி ஜாஸ் பேஸ் ஒன்று. அதன் கழுத்திலிருந்த மெட்டுகளை எல்லாம் பிடுங்கிவிட்டு, பள்ளங்களை நிரப்பி, படகுகளுக்குப் பூசும் எபாக்ஸியைப் பூசிக் கண்ணாடிபோல இறுக்கினார். ரவுண்ட்வவுண்ட் தந்தி அந்தப் பரப்பில் உரசும்போது ஓசை மனிதக் குரலைப்போல நீண்டது, குழைந்தது, விம்மியது. 1976-இல் வந்த அவருடைய முதல் ஆல்பத்தைக் கேட்டவர்கள் இது என்ன வாத்தியம் என்று கேட்டார்கள். கமகம் என்றால் என்ன என்று தெரிந்த நம் காதுக்கு அது அந்நியமாகப் படாது. வீணையைக் கோட்டுவாத்தியமாக்கிய வேலையைத்தான் அவர் செய்திருந்தார்.

துல்லியம் என்ற பெயரோடு தொடங்கிய கதை இந்த இடத்துக்கு வந்து சேர்கிறது. எந்த மெட்டுகளுக்காக லியோவின் வாத்தியம் அந்தப் பெயரைப் பெற்றதோ, 25 ஆண்டுகளுக்குள் அதன் தம்பியிலிருந்து ஒரு கலைஞர் அந்த மெட்டுகளையே பெயர்த்து எடுத்தார். துல்லியம் கழுத்திலிருந்து காதுக்குக் குடிபெயர்ந்தது. அதனால் லியோ தோற்றுவிடவில்லை. மெட்டுகள் இருந்ததால் ஆயிரமாயிரம் பேர் பயமில்லாமல் பேஸைக் கையில் எடுத்தார்கள். அவர்களில் ஒருவருக்கு மெட்டு தேவைப்படாத நாள் வந்தது.

நம் காதில் விழுந்த பேஸ்

அதே 1976-இல்தான் ‘அன்னக்கிளி’ வழியாக இளையராஜா திரைக்கு வந்தார். அடுத்த ஆண்டுகளில் அவர் பாடல்களில் பேஸ் கிட்டார் வகித்த இடம் தமிழ்த் திரையிசைக்குப் புதிது. பாடகரின் மெட்டு ஒரு வழியில் போக, பேஸ் தனக்கென ஒரு மெட்டோடு அதற்குக் கீழே நடந்துபோகும். சில இடங்களில் எதிரே வந்து கைகோக்கும். சசிதரனின் விரல்கள் அந்த வரிகளுக்கு உயிர் கொடுத்தன. பின்னால் ஏ.ஆர். ரஹ்மானின் பாடல்களில் கீத் பீட்டர்ஸின் பேஸ் அதே மரியாதையோடு ஒலித்தது. டீக்கடை வானொலியின் சின்ன ஸ்பீக்கரில் இந்த வரிகள் பாதிதான் கேட்கும். நல்ல ஹெட்போனில் முதன்முறை கேட்கும்போது, பல ஆண்டு பழகிய பாட்டுக்குள் இன்னொரு பாட்டு இருந்ததைக் கண்டுபிடித்த பரவசம் வரும். பேஸ் கிட்டார் மீது எனக்கு வந்த பற்று அப்படி வந்ததுதான்.

பேஸ் வாங்க நினைக்கும் இளைஞர்கள் எது நல்ல தொனி என்று கேட்கிறார்கள். முதலில் ஆம்ப்ளிஃபயரில் இணைக்காமல் மடியில் வைத்து வாசியுங்கள் என்பேன். கழுத்து உள்ளங்கையில் எப்படி உட்காருகிறது, தோளில் மாட்டினால் தலைப்பக்கம் கீழே சாய்கிறதா, மணிக்கட்டு எங்கே வலிக்கிறது என்று பாருங்கள். அகன்ற கழுத்து ஒரு மாதிரி வாசிக்க வைக்கும், மெலிந்த கழுத்து இன்னொரு மாதிரி. வழவழத் தந்தி ஒன்றைச் சொல்ல வைக்கும், உரசும் தந்தி வேறொன்றை. நீங்கள் தொனி என்று கேட்பதில் பாதி, கை அந்தக் கருவியோடு செய்துகொண்ட உடன்படிக்கை.

வாசிக்கத் தெரியாத லியோ ஃபெண்டர் இதை நன்றாக அறிந்திருந்தார். 1980-இல் ஜி அண்ட் எல் என்ற இன்னொரு நிறுவனத்தைத் தொடங்கி, 1991 மார்ச்சில் இறக்கும் காலம்வரை பட்டறை மேசையில் அமர்ந்து பிக்கப்புகளையும் குதிரைகளையும் திருத்திக்கொண்டே இருந்தார். 40 ஆண்டு முன்பு முடிந்துவிட்ட கண்டுபிடிப்பு என்று அவர் நினைக்கவில்லை. இன்னொரு கலைஞர் வருவார், இந்த இடத்தில் கை வலிக்கிறது என்பார், கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தப் பொறுமையிலிருந்து பிறந்த வாத்தியம் இது.